மழைக்குள் முற்றிய கதிர்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்மூரில் சோளன் என்றால் மஞ்சள் பொத்திதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் அது மக்காச்சோளம். அவர்கள் வெறுமனே சோளம் என்று சொல்வது நாங்கள் இறுங்கு என்கிற தானியத்தை. இந்தக் கட்டுரை இறுங்கைப் பற்றியது. சரியாகச் சொன்னால், இறுங்கில் பூஞ்சணம் எப்படி ஒரு பெரிய பிரச்சினையாச்சு என்பதைப் பற்றியது.

இறுங்கின் தாய்வீடு ஆபிரிக்கா. கிழக்குச் சூடானில் 5000 வருசத்துக்கு முதலே அதைப் பயிரிட்டதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. பிறகு அது இந்தியாவுக்கு வந்து தக்காணத்து மக்களின் ரொட்டியாகியது. அங்கே மழைக்காலத்தில் விதைத்த பழைய இனங்கள் பலவற்றுக்கு ஒரு குணம் இருந்தது. கொஞ்சம் முந்தி விதைச்சாலும் பிந்தி விதைச்சாலும், பகல்பொழுது குறைந்த பிறகுதான் அவை பூக்கும். மணி முற்றும் நேரம் மழை ஓய்ந்திருக்கும். பூஞ்சணத்தை எதிர்த்துப் போராடாமல், அதற்குச் சிக்காமல் தப்பிக்கொண்ட பயிர் அது.

1954இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆண்மலட்டு இறுங்கைப் பயன்படுத்திக் கலப்பின விதையைப் பெருமளவில் உண்டாக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வழியில் இந்தியா தன் முதல் கலப்பினமான சி.எஸ்.எச். 1ஐ 1964இல் வெளியிட்டது. குட்டையான பயிர், பசளைக்கு நல்லா விளையும், ஏறத்தாழ 100 நாளில் அறுவடை. பஞ்சத்தைப் பற்றிய பயம் இருந்த காலத்தில் இதை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனா நாளைக் குறைச்சதோட கலண்டரும் மாறிப்போச்சு. கதிர் இப்போது மழை நிற்க முதலே முற்றியது. பியூசேரியம், கேர்வுலாரியா போன்ற பூஞ்சணங்கள் பூக்கும் நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடும். ஈரம் நீடித்தால் வெள்ளை மணி இளஞ்சிவப்பாகவும் கறுப்பாகவும் மாறும். மணி பாரம் குறையும், மாவு கெடும், விதைத்தாலும் ஒழுங்காக முளைக்காது. அந்தத் தானியம் கோழித்தீனிக்கும் மதுசாரம் வடிக்கவும் மலிவு விலைக்குப் போனது. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் அது எப்போதும் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து சேரவில்லை.

சில வேளை வந்து சேர்ந்ததுதான் ஆபத்து. 1995இல் தக்காணத்தின் சில கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த இறுங்கையும் மக்காச்சோளத்தையும் சாப்பிட்டவர்களுக்குக் கடும் வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் வந்தன. காரணம் பியூசேரியம் உண்டாக்கும் பியூமோனிசின் என்ற நஞ்சு.

தீர்வு தேடும் வேலை முக்கியமாக ஹைதராபாத்துக்குப் பக்கத்தில், 1972இல் தொடங்கிய இக்ரிசாட் ஆய்வு நிலையத்தில் நடந்தது. பூக்கும் நாளிலிருந்து கதிர்களுக்குத் தண்ணீர் தெளித்து, வேண்டுமென்றே ஈரமாக்கி, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான இனங்களைச் சோதித்ததில், நன்றாகத் தாக்குப்பிடித்தவற்றில் பெரும்பாலானவை சிவப்பு, கபில நிற மணிகள். அவற்றில் பலவற்றுக்குப் பாதுகாப்புத் தருவது தனின். அதே தனின்தான் கசப்பும் தருகிறது. ரொட்டிக்கு வெள்ளை மணி கேட்கிற மக்கள் அதை ஏற்கமாட்டார்கள்.

வெள்ளை மணியில் எதிர்ப்பைக் கொண்டுவருவது லேசில்லை. மணியின் கடினம், கதிர் எவ்வளவு விரிந்திருக்கிறது, உமியின் அமைப்பு, பூஞ்சணத்தைத் தடுக்கும் புரதங்கள் என்று பல குணங்கள் சேரவேண்டும். ஒரே மரபணுவை மாற்றி முடிக்கிற வேலை இல்லை இது. பி.வி.கே. 801 போன்ற, ஓரளவு தாங்கும் வெள்ளை இனங்கள் வந்திருக்கின்றன. முழுத் தீர்வு இன்னும் இல்லை.

மேற்கு ஆபிரிக்காவிலும் இதே கதைதான். வெளியிலிருந்து கொண்டுபோன குட்டை, அடர்கதிர் இனங்களைப் பூஞ்சணம் கெடுத்தது. மாலி விவசாயிகள் தங்கள் கினியா இறுங்கைக் கைவிடவில்லை. விரிந்த கதிர், கடினமான மணி, மழை முடியும் நேரம் பார்த்துப் பூக்கும் குணம்: ஆய்வாளர்கள் தேடியதில் பெரும்பகுதி அதில் ஏற்கெனவே இருந்தது.

அதுக்காக நாங்கள் பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பழைய இனங்களின் விளைச்சல் குறைவு, மழை முந்தி நின்றால் அவை வாடிப்போகும். நாங்கள் கேட்பது இதுதான்: ஒரு பயிர் “முன்னேறியது” என்று சொல்லும்போது எதை அளக்கிறோம்? ஹெக்டயருக்கு எத்தனை கிலோ என்பதையா, இல்லை சாப்பிடக்கூடியது எத்தனை கிலோ என்பதையா? பிந்திப் பூப்பதை ஒரு குறையாக எழுதிவைத்த நேரத்தில் இரண்டாவது கேள்வியையும் கேட்டிருந்தால், எதிர்ப்புத் தேடும் வேலை இன்னும் முந்தியே தொடங்கியிருக்கும்.