மீன் தொட்டி சொல்லும் வரலாறு



பிள்ளை ஒருவன் சேர்த்து வைத்த காசில் நான்கு தங்கமீன்கள் வாங்கி வருகிறான். புதுக் கண்ணாடித் தொட்டியைப் பளபளவெனக் கழுவி, நீர் நிரப்பி, மீன்களை விடுகிறான். நீர் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. வாரம் முடிவதற்குள் செத்து மிதக்கின்றன. "உனக்குக் கைராசி இல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு சரிதானா? வரலாற்றைக் கேட்போம்.

1849-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், 12 கேலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வளர்த்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி வாங்கிக்கொள்ளும். செடி தரும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும் என்பது அவர் கணக்கு. இலைகள் அழுகி நீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. 1850-இல் இதனை இரசாயனச் சங்கத்தில் அறிவித்தார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன் காட்சியகமே திறக்கப்பட்டது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அமோனியா கலப்பதைத் தோட்டத்தில் வேலை செய்தோர் அறிவீர்கள். மூக்கைத் துளைக்கும் அந்த அமோனியாவைத்தான் மீன்களும் செவுள் வழியாக வெளிவிடுகின்றன. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. அப்படியானால் குளத்தில் மீன்கள் பிழைப்பது எப்படி?

1877-இல் பிரான்சு நாட்டில் ஸ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். 20 நாள் வரை அமோனியா அப்படியே வெளிவந்தது. பிறகு அது நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. மயக்க மருந்தாகிய குளோரோபாமின் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. வெறும் மணல் மயங்குமா? அங்கே வேலை செய்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பது விளங்கியது.

இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? மீன் தொட்டி அமைத்த வாரிங்டனின் மகன்! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டனே. அவர் ஆராய்ந்தது மீன் தொட்டியை அன்று. ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையின் வயல் மண்ணை. அமோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுவதை அவர் காட்டினார். 1890-இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார்.

நேயர்களே, அந்த 20 நாள் கணக்கை மறவாதீர்கள். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் மிகச் சிலவே. அவை கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் பெருகுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அமோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொன்றுவிடுகின்றன.

ஆகவே முதலில் ஓரிரு மீன்களே போதும். தீனியைக் குறைத்துப் போடுங்கள். மீன் தவித்தால் உடனே கால் பங்கு நீரை மாற்றுங்கள். தேவைப்பட்டால் நாள்தோறும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களையும் கொல்லும். அதை நீக்கும் மருந்து மீன் கடையில் கிடைக்கும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். நலமாயுள்ள பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், அது தயிருக்கு உறை ஊற்றியதுபோல் உதவும்.

பிள்ளையின் கைராசியில் குறையில்லை. பளபளவெனக் கழுவிய தொட்டியில் மீனைக் காக்கும் உயிர்கள் இன்னும் குடியேறவில்லை, அவ்வளவுதான். அவனைக் கடிந்துகொள்ளாமல், சில வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.