தீக்குப் பின் புகைக்கரி நீக்கம்: திருப்பூர் வட்டாரம்

தீ அணைந்த வீட்டில் படிந்த கரியையும் நாற்றத்தையும் போக்கி, மறுபடி குடியிருக்கத் தக்கதாக்கும் வேலை புகைக்கரி நீக்கம். திருப்பூரின் பல தெருக்களில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. முன்னறையில் ஓவர்லாக் மெஷின், கட்டிலுக்கு அடியில் பீஸ் கட்டு, மூலையில் கட்டிங் வேஸ்ட் மூட்டை. அதனால் இங்கே ஒரு தீயில் பல வகைக் கரி கலந்து படிகிறது. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் ஏறக்குறைய 50 கடைகள் எரிந்தன. 2025 ஜூலையில் எம்.ஜி.ஆர். நகரில் சிலிண்டர்கள் வெடித்து, தொழிலாளர்கள் குடியிருந்த 40க்கும் மேற்பட்ட தகரக் கொட்டகைகள் சாம்பலாயின.

எது எரிந்தது என்று பார்த்த பிறகே துடைப்பில் கை வைக்க வேண்டும். பருத்தியின் கரி பெரும்பாலும் உலர்ந்த பொடி. பாலியஸ்டர், லைக்ரா, பாலிபேக் எரிந்த கரி பிசுபிசுக்கும். ஒயரின் பி.வி.சி. உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்பட்டு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. சுவர் ஒரு வாரம் காத்திருக்கும். தையல் மெஷினின் ஊசித்தண்டும் லூப்பரும் காத்திருக்காது, அதற்குள் துருவேறிவிடும். குடும்பத்தின் வருமானமே அந்த மெஷின் என்பதால், முதலில் அதைத் துடைத்து எண்ணெய் போடுவதே சரி. மோட்டாரை எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் ஓட்டக் கூடாது. வேஸ்ட் மூட்டை மேலே நனைந்திருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்; வெளியே இழுத்துப் பிரித்துப் போட வேண்டும்.

பலரும் எடுத்தவுடன் வாளித் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பொடிக்கரி நனைந்தால் மையாகிச் சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் தேய்த்தாலும் இதே கதிதான். நுண்தூசி வடிகட்டியுள்ள வேக்குவம் கிளீனரால் தொடாமல் உறிஞ்சி எடுப்பதும், உலர் ரப்பர் ஸ்பாஞ்சை ஒரே திசையில் இழுப்பதும் நல்ல முறை. பிறகு சோப்புத்தூளோ வாஷிங் சோடாவோ கலந்த வெந்நீர். அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் சோடா ஆகாது. முதலில் மேற்கூரை, அடுத்து சுவர். சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவினால் அழுக்குநீர் வழிந்த கோடு நிற்காது. என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை தீயில் படபடவென்று வெடித்துச் சிதறும். அந்தச் சில்லுகளை உலர்ந்த நிலையில் கூட்டினால் நார் நுரையீரலுக்குள் போகும். நனைத்து, மூட்டை கட்டித் தனியே வைக்க வேண்டும். கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியிருக்கலாம். கம்பி தெரியும்படி காரை பெயர்ந்திருந்தால் பொறியாளர் பார்க்கும்வரை அடியில் படுக்கக் கூடாது.

திறந்திருந்த அரிசி, பருப்பு, மருந்து எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். துணியை வெளியே உதறிய பின்பே நனைக்கலாம். நாற்றம் போகாத துணியை இஸ்திரி போட்டால் அது இன்னும் ஆழமாக ஏறும். கரியின் மேல் நேரே வெள்ளையடித்தால் மழைக்காலத்தில் மஞ்சள் கறை கசியும். கழுவிக் காய்ந்த சுவருக்கு ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகே பெயின்ட்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை கேட்க வேண்டும். காப்பீடு உள்ளவர் சர்வேயர் வரும்வரை எரிந்த பொருளை அப்புறப்படுத்தக் கூடாது. காப்பீடு இல்லாத கொட்டகைவாசி, அரசு நிவாரணத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியரையும் அணுகலாம்.