சம்பாதியின் சிறகும் வேளூர்ச் சாம்பலும்

மேனாட்டு நூல்களில் பீனிக்ஸ் என்னும் பெயரால் ஒரு புள் பேசப்படுகின்றது. நெடுங்காலம் வாழ்ந்து, நறுமண விறகடுக்கித் தன்னைத்தானே எரித்துக்கொண்டு, அச்சாம்பலினின்றும் இளம்புள்ளாய் அது மீண்டும் எழும் என்ப. நம்மவருட் சிலர் இக்கதையைத் திருநீற்றின் உண்மைக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். அஃது ஆராயற்பாலது.

எகிப்து நாட்டில் ஞாயிற்றுக்குரிய நகரில் பென்னு என்னும் நாரையொத்த புள் போற்றப்பெற்றது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டினராகிய கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு, அந்நாட்டுப் பீனிக்ஸ் புள்ளை ஓவியத்திலன்றித் தாம் கண்டதில்லை என எழுதினார். 500 ஆண்டுக்கொருமுறை அது தன் தந்தையின் உடலை வெள்ளைப்போளத்திற் பொதிந்து ஞாயிற்றின் கோயிலிற் சேர்க்கும் என்னும் செய்தியைத் தாம் நம்பவில்லை என்பதும் அவர் கூற்றே. அவருரையில் நெருப்பே இல்லை! தீயும் சாம்பலும் உரோமர் காலத்தில் வந்தேறியவை. கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமைக் கிறித்துவத் தலைவர் கிளெமெந்து இப்புள்ளை இறந்தோர் உயிர்த்தெழுதற்கு அடையாளமாகக் கொண்டார். 3-ஆம் நூற்றாண்டினராகிய பிலோத்திராத்தசோ இதனை இந்தியப் பறவையென்றே வரைந்தார். சீனத்துப் பெங்குவாங் எரிவதுமில்லை, மீள்வதுமில்லை. அதனையும் பீனிக்ஸ் என்றழைத்தல் பிற்காலத்தார் குழப்பமேயாம்.

நம் நாட்டில் இக்கதைக்கு அணித்தாக நிற்பது கழுகரசன் சம்பாதியின் வரலாறு. சம்பாதியும் இளவல் சடாயுவும் வானிற் பறந்து ஞாயிற்றை அணுகினர். வெம்மை தாங்காது வாடிய தம்பியைத் தன் சிறகால் மறைத்த தமையன், சிறகு தீந்து மலைமேல் வீழ்ந்தான். சீதையைத் தேடிவந்த வானரரைத் தென்கடற்கரை மயேந்திர மலையில் அவன் கண்டதாகவும், அவர்கள் இராமநாமம் கூற அவனுக்குச் சிறகு முளைத்ததாகவும் கம்பர் பாடினார். நாஞ்சில் நாட்டார்க்கு மயேந்திரம் என்பது ஆரல்வாய்மொழிக்கு வடபால் நிற்கும் மகேந்திரகிரியே. கலிங்கத்திலும் அப்பெயர் மலையுண்டு. ஆயினும் குமரிக்கடலை நோக்கி நிற்பதற்கே இக்கதை பொருந்தும்.

இங்ஙனம் ஒத்துநோக்கின் வேற்றுமை விளங்கும். பீனிக்ஸ் தானே எரிந்து தன் ஆற்றலால் தானே எழுவது. சம்பாதி எரிந்தது பிறர்பொருட்டு. எழுந்தது தன் ஆற்றலாலன்று. ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் தானே தன்னை விடுவித்துக்கொள்ளுமென்பது சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று, அருளே துணை. மேலும், எரிந்து எரிந்து மீள மீளப் பிறக்கும் புள்ளின் வாழ்வு வீடுபேறாகுமோ? அது பிறவிச்சுழலே. குருவருளால் சஞ்சித வினை வறுத்த வித்துப்போல் முளையாதொழியும் என்பதே நம் ஆசிரியர் துணிபு. திருநீறு மீண்டும் முளைப்பதன் குறியன்று, முளையாமையின் குறி. இவ்விரண்டையும் ஒன்றெனல் பெரும்பிழை.

நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்திலும் தீயின் தொடர்பு ஒன்றுண்டு. கோதமர் சாபத்தால் மாசுற்ற இந்திரன் இங்குத் தூயனானமையால் சுசி இந்திரம் எனப் பெயராயிற்றென்பது தலபுராணம். அதனையொட்டிக் குற்றஞ்சாட்டப்பெற்றோர் கொதிநெய்யிற் கைம்முக்கும் வழக்கம் இங்கு நெடுங்காலம் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1829–1846) அதனை நிறுத்தினார், நன்று செய்தார். இறைவன் அருளால் ஒருவன் தூயனாதல் வேறு, கொப்புளம் பார்த்து மனிதன் தீர்ப்பளித்தல் வேறு.

சம்பாதி, சடாயு இருவர்க்கும் அரையனாக இறைவன் எழுந்தருளிய இடமென்று திருஞானசம்பந்தப் பெருமான் பாடியருளியது புள்ளிருக்குவேளூர். தருமபுரம் ஆதீனத்தைச் சார்ந்த அத்திருக்கோயிலில் சடாயு குண்டம் உளது. இராவணன் வாளுக்கு இரையான சடாயுவை இராமபிரான் ஈண்டுத் தகனஞ்செய்தார் என்பது தலவரலாறு. அக்குண்டத்தினின்று எப்புள்ளும் எழுந்ததில்லை. பிணியுடையார் அதன் சாம்பலை நீறாக நெற்றியில் அணிந்து, வைத்தியநாதனை வணங்கிச் செல்கின்றனர்.