இரும்பு மாத்திரையும் மேலே ஏறிய இரைப்பையும்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லீங்க. பழைய மருத்துவக் கட்டுரைகளை மேயற பழக்கம் மட்டும் உண்டு :-)

எங்க கோபாலபுரத்துல வயசானவங்களுக்கு ரத்தம் கம்மின்னா முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், "சரியாவே சாப்பிடறதில்ல" - இதான் பேச்சு. எங்க பெரியம்மாவுக்கும் ரெண்டு வருஷம் இரும்பு மாத்திரைதான். சாப்பிட்டா ஏறும், நிறுத்தினா இறங்கும். ரத்தம் எங்கே போகுதுன்னு யாருமே கேக்கலை. கடைசியா எண்டாஸ்கோப்பி செஞ்சப்போ வந்த பேரு: கேமரான் புண். யாருய்யா இந்த கேமரான்?

நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசைத் திரை. உணவுக்குழாய் இறங்க அதுல ஒரு துளை. வயசாக ஆக அது தளர்ந்து, இரைப்பையோட மேல்பகுதி நெஞ்சுக்குள்ள ஏறிடறதுதான் ஹையாட்டஸ் ஹெர்னியா.

இதுக்கும் ரத்தசோகைக்கும் தொடர்பு இருக்குன்னு 1933-லயே பாக், டூலின், ப்ரூக்னு மூணு பேர் பத்து நோயாளிகளை வெச்சு எழுதிட்டாங்க. ஆனா ஹெர்னியாவும் சகஜம், ரத்தசோகையும் சகஜம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறதால ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணமாயிடுமா? நியாயமான சந்தேகம்தான்.

அமெரிக்காவுல மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன் கேமரான் 1976-ல இதை எண்ணியே பாத்துட்டார். பெரிய ஹெர்னியா உள்ளவங்க 259 பேர், இல்லாதவங்க 259 பேர். முதல் கூட்டத்துல 18 பேருக்கு ரத்தசோகை. ரெண்டாவதுல ஒரே ஒருத்தருக்கு! எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தக் கணக்குதான். பெரிய கருவி எதுவும் இல்லை, ஒப்பிட ஆள் வேணும்ங்கற யோசனை மட்டும்.

சரி, ரத்தம் கசியற இடம்? 1986-ல ஹிக்கின்ஸோட சேர்ந்து, பெரிய ஹெர்னியா இருந்த 109 பேருக்கு எண்டாஸ்கோப்பி முடிவுகளைப் பாத்தார். மூணுல ஒருத்தருக்கு, உதரவிதானம் இரைப்பையை இறுக்கற இடத்துல, மடிப்புகளோட முகட்டுல, கோடு கிழிச்ச மாதிரி புண்கள். ரத்தசோகை உள்ளவங்ககிட்ட அது கூடுதல். மூச்சு விடும்போதெல்லாம் அந்த இடம் உரசுதுன்னு அவங்க ஊகம். அமிலத்துக்கும் இதுல பங்கு உண்டுன்னு சொல்றவங்க இருக்காங்க. கசிவு கொஞ்சம் கொஞ்சமாத்தான், கண்ணுக்கே தெரியாது. உடம்புல இருக்கற இரும்பு மட்டும் கரைஞ்சுகிட்டே போகும்.

தேடிப் பாக்காட்டி எண்டாஸ்கோப்பியிலயும் இது தப்பிச்சிடும். கிடைச்சா, இரும்போட அமிலத்தைக் குறைக்கற மாத்திரையும் குடுப்பாங்க. அதுலயும் அடங்காத சிலருக்கு ஆபரேஷன். புண்ணு கிடைச்சிடுச்சேன்னு அதோட நிறுத்தறதும் இல்ல. வயசானவங்களுக்குப் பெருங்குடலையும் பாத்துடறது வழக்கம், கசிவு அங்கேயும் இருக்கலாமே.