சாமை விளைந்த மலையும் சிக்கனம் பேசிய கோட்டையும்

சென்னைக் கோட்டையில் கஜானா காலி என்று அறிவித்தால், அந்தச் செய்தி கொல்லிமலையின் உலையைத் தொடாத காலம் ஒன்று இருந்தது. ஓடையோரப் பள்ளங்களில் மலையாளிப் பழங்குடியினர் கொஞ்சம் நெல் நட்டார்கள். அன்றாடம் வயிற்றை நிரப்பியது என்னவோ, மேட்டுச் சரிவுகளில் மழையை நம்பி விதைத்த சாமையும் தினையும் கேழ்வரகும்தான். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, திருகுளாச் சாமை, மல்லியச் சாமை என்று பல ரகங்கள் உண்டு. சில சீக்கிரம் கதிர் முற்றும், சில நின்று நிதானமாக விளையும். மழை முன்னே பின்னே வந்தாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும் என்பது அந்த விவசாயத்தின் கணக்கு. தொம்பை என்ற தானியக் குதிரில் தானியம் இருக்கும்வரை எந்த அமைச்சரின் அறிக்கையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்தத் தன்னிறைவைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் உரலை மறந்துவிடுகிறார்கள். சாமைக்கு உமி கெட்டி, மணி சிறியது. காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். உலக்கை கொஞ்சம் பலமாக விழுந்தால் அரிசி நொய்யாகிவிடும். ஒரு வேளைச் சோற்றுக்கான இந்தப் பாடு முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ரேஷன் அரிசி மலையேறியபோது அவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள் என்றால், அதைக் குறை சொல்ல சமவெளியில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் உரிமை கிடையாது.

அரிசி மேலே போன பாதையில் கிழங்கு கீழே இறங்கியது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைச்சாலை, கொல்லிமலையைச் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளோடு இணைத்தது. சாமை விளைந்த சரிவுகளில் பெரும் பகுதி மரவள்ளி எனும் குச்சிக்கிழங்குக்கு மாறியது. குச்சிக்கிழங்கு முற்றப் பத்து மாதம் ஆகும். அதுவரை கையில் காசு வராது. வெட்டிக் கொண்டுபோனாலும் விலையைச் சொல்வது ஆலைதான், மாவுச்சத்துப் பாயிண்ட்டைப் பார்த்துவிட்டு. சாமையைப் போல அதை வீட்டில் சேர்த்துவைக்கவும் முடியாது. வெட்டிய சில நாளில் கெட்டுவிடும். நட்ட நாளுக்கும் விற்ற நாளுக்கும் நடுவே அந்தக் குடும்பங்களைத் தாங்கியது ரேஷன் கடைதான். இப்படித்தான், யாரும் திட்டமிடாமலேயே, கொல்லிமலையின் உலை அரசாங்கத்தின் வரவு செலவோடு கட்டப்பட்டது.

அரசு சிக்கனம் பேசத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

1997 ஜூனில் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தது. 2000-ல் மானியச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று, கோட்டுக்கு மேலே இருப்பவர்களிடம் தானியத்தின் முழுச் செலவையும், கீழே இருப்பவர்களிடம் பாதியையும் விலையாகக் கேட்டது. விளைவு வேறுவிதமாக அமைந்தது. விலை ஏறியதும் வாங்குவது குறைந்தது, வாங்காத தானியம் கிடங்குகளில் குவிந்தது. 2002 நடுவில் மத்தியத் தொகுப்பில் 6 கோடி டன்னுக்கு மேல் அரிசியும் கோதுமையும் கிடந்தன. அவற்றைக் காத்துவைக்கும் செலவும் மானியக் கணக்கில்தான் ஏறியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான விலைக்கே தானியத்தை ஏற்றுமதியும் செய்தார்கள். ஏழையின் பையில் மிச்சம் பிடித்து அரசு மிச்சப்படுத்தியது எதுவுமில்லை என்பதற்கு இந்திய வரலாற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் அரிசி என்ற முறையைக் காப்பாற்றி வந்தது. அந்த உறுதியும் சிறிது காலம் தளர்ந்தது. 2001-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, நிதியமைச்சர் பொன்னையன் மூலம் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அரசுப் பணிகளில் புதிய நியமனங்களுக்குத் தடை வந்தது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டைகளில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். மற்றவர்களுக்குக் கூப்பன் முறை வந்தது. விவசாய இலவச மின்சாரம் பறிபோனது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களிலும் ஆசிரியர்களிலும் ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையை இழந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களில் பெரும்பாலோரால் திரும்ப முடிந்தது.

இவற்றில் கொல்லிமலையைத் தொட்டது எது? ‘எச்’ முத்திரை அங்கே பெரும்பாலான வீடுகளை நெருங்கியிருக்காது. மாதம் 5,000 ரூபாய் பார்த்த பழங்குடிக் குடும்பங்கள் அன்று மிகக் குறைவு. மழையை நம்பிய சரிவுகளுக்கு மின்சார மோட்டாரும் பெரிய கவலை இல்லை. நியமனத் தடை அப்படியல்ல. மலையில் தனியார் பள்ளியோ பெரிய மருத்துவமனையோ தேடிப் போக வழியில்லாதவர்களுக்கு ஆசிரியரும் செவிலியரும் அரசு அனுப்பினால்தான் உண்டு. மலைப் பள்ளிக்கு விரும்பி மாற்றல் கேட்பவர்கள் குறைவு. அதனால் புது நியமனம் நின்றால் அங்கே விழுந்த காலியிடம் காலியாகவே கிடக்கும். சிக்கனத்தின் இந்த விலை எந்த வரவு செலவு அறிக்கையிலும் எண்ணாக வருவதில்லை. ஆசிரியர் இல்லாமல் போன இரண்டு மூன்று வருடங்களைக் குழந்தைக்கு எந்த அரசாணையாலும் திருப்பித் தர முடியாது.

போதாததற்கு 2002-லும் 2003-லும் மாநிலம் முழுவதும் மழை பொய்த்தது. வறட்சிக் காலத்தில்தான் அரசு கையைத் தாராளமாக நீட்ட வேண்டும். ஆனால் கையை மூடிக்கொண்ட நேரமும் அதுவாகவே அமைந்துவிட்டது.

சோற்றில் கைவைத்த அரசுகளை மக்கள் மறப்பதில்லை. இலங்கையில் 1953-ல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரிசி மானியத்தை வெட்டியதும், ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12-ல் நாடே ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். தமிழ்நாட்டில் 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் வாக்குப்பெட்டி பேசியது. ஆளுங்கட்சி 39 தொகுதிகளிலும் தன் அணியோடு தோற்றது. கொல்லிமலை அப்போது சேர்ந்திருந்த இராசிபுரம் தொகுதி காங்கிரஸுக்குப் போனது. முடிவு வந்த சில நாளிலேயே ‘எச்’ முத்திரையும் கூப்பனும் ரத்தாயின, இலவச மின்சாரம் திரும்பியது. நியமனத் தடை நீங்க 2006 ஆனது.

பிறகு அரிசி விலை இறங்கிக்கொண்டே போனது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-லிருந்து இலவசம். நூறு நாள் வேலைத் திட்டம் கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு 2008-ல் வந்தது. பசி தணிந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சரிவுகளில் சாமை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே விதை வங்கிகளையும், உரலின் பாட்டைக் குறைக்கும் அரவை இயந்திரங்களையும் கொண்டுவந்து சிறுதானியத்தைக் காக்க உழைத்தது. இன்று நகரத்துக் கடைகளில் சாமை அரிசியின் விலை சாதாரண அரிசியைவிட அதிகம். விளைவித்த குடும்பம் அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசியை உண்கிறது.

இதை மாற்ற வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியத்தையும் ரேஷன் தானியமாக ஏற்கிறது. தமிழ்நாடு அரசே 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அதே போலக் கொல்லிமலைச் சாமையை அங்கேயே நியாயமான விலைக்கு வாங்கி, மலையிலேயே உமி நீக்கி, மலைக்கடைகளில் அரிசியோடு சேர்த்துக் கொடுக்கட்டும். அரிசியின் அளவைக் குறைக்க இதை ஒரு சாக்காக்க வேண்டாம். இனி ஒரு நாள் கஜானா காலி என்று கோட்டையில் அறிவிப்பு வந்தாலும், கொல்லிமலை வீடுகளின் தொம்பையில் கொஞ்சம் தானியம் இருக்க வேண்டும். அதற்கான செலவை இந்த ஆண்டு வரவு செலவிலேயே ஒதுக்குங்கள்.