மழைக்கு மறைந்து நின்ற மண்சுவர்

புதுச்சேரியின் சேதராப்பட்டு இன்று தொழிற்பேட்டையால் அறியப்படுகிறது. ஆனால் அது இருக்கும் வில்லியனூர் வட்டாரத்தில் எளியவர் வீடு என்றால் நெடுங்காலம் மண்சுவரும் கீற்றுக் கூரையும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரையக்கூடிய மண்ணை ஏன் நம்பினார்கள்? கையில் காசில்லை என்பது பாதி பதில்தான். ஈரம் தாங்கும் பொருளைத் தேடி அலையாமல், மலிவான பொருளை ஈரம் அண்டாமல் காக்கத் தெரிந்திருந்தார்கள் என்பதே மீதி. இறவாரம் சுவரைத் தாண்டித் தாழ இறங்கும். சாரல் சுவரைத் தொடாது. தெறிக்கும் நீரைத் திண்ணை வாங்கிக்கொள்ளும். கைமரத்துக்கு முற்றிய பனையின் வெளிப்புற வைரம் மட்டுமே. உள்ளிருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள், கரையான் முதலில் பிடிப்பது அதைத்தான். தென்னையோலையைக்கூட நீரில் ஊறப்போட்டே கீற்றாக முடைந்தார்கள். வசதியுள்ளவர்கள் சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துப் பூசினார்கள்.

கீற்று தீப்பிடிக்கும், சில ஆண்டுகளில் மக்கும், 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் கூரைகள் பறந்தனவே என்பார்கள். அத்தனையும் உண்மை. ஆண்டுதோறும் சுவரை மெழுகிய பெண்களின் உழைப்புக்குக் கூலியும் இல்லை. ஆனால் கூரையின் குற்றத்துக்கு மண்ணைத் தள்ளிவைத்தது தவறு. பக்கத்து ஆரோவில்லில் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்திய, சுடாத மண்கல்லால் மாடிக் கட்டடங்களே நிற்கின்றன. கோழிக்கூண்டோ கொட்டகையோ சொந்தக் கையால் கட்டுகிறவர்களே, விலைகூடிய நீர்புகாப் பூச்சை வாங்குமுன் இறவாரத்தை நீட்டுங்கள், தரையை உயர்த்துங்கள்.