பழந்தொட்டியும் முதுநீரும்

கடல் இல்லாத நாடு கொங்கு நாடு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்றால் அரபிக் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கிழக்கே உள்ள வங்கக் கடலோ அதனினும் வெகு தொலைவு. கோயம்புத்தூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. ஆயினும் கடற்பொருள்கள் இந்நாட்டிற்குப் புதியன அல்ல. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலை அகழ்ந்தபோது, பழங்காலத்தில் அங்கே சங்கை அறுத்து அணிகலன் செய்தமைக்குச் சான்றுகள் கிடைத்தன. உப்பும் கருவாடும் கணவாய் வழியாகவும் கீழ்த்திசை வழியாகவும் காலங்காலமாக வந்தவை. இவை யாவும் உயிர் நீங்கிய பின் வந்த பொருள்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கடல்வாழ் உயிரை உயிரோடு கொணர்ந்து, கடலுக்கு வெளியே, ஒரு கண்ணாடிச் சுவருக்குள் ஆண்டுக்கணக்கில் வாழவைப்பது வேறொரு கலை. அக்கலைக்கு இன்னும் இரு நூற்றாண்டு நிறையவில்லை.

மாணவ நண்பர்களே, ஒருவர் முன்னொரு காலத்தில் கடல்மீன் வளர்த்து, பின் கைவிட்டுப் பரண்மேல் ஏற்றிவைத்த தொட்டி ஒன்றை மீண்டும் கீழே இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் இது நிகழ்கிறது. அவர் கையில் இப்பொழுது இருப்பது என்ன? கண்ணாடி இருக்கிறது, பழைய மணல் ஒரு வாளி இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. பழந்தொட்டியில் பழமையாக மிஞ்சியிருப்பது எது, மறைந்து போனது எது என்னும் வினாவிற்கு விடை காண வேண்டுமானால் அக்கலையின் வரலாற்றைத்தான் நாடவேண்டும்.

1846-ஆம் ஆண்டு ஆனா தைன் என்னும் ஆங்கில மாது, டார்க்கீ என்ற கடற்கரை ஊருக்குச் சென்றார். அங்கே கல்லோடு ஒட்டி வாழும் பவள உயிர்கள் சிலவற்றைக் கண்டு வியந்து, அவற்றை ஒரு சாடியில் இட்டு இலண்டன் மாநகருக்குக் கொண்டுவந்தார். அவருடைய இல்லம் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்தது. கடல்நீர் நாள்தோறும் கிடைக்கும் இடமன்று அது. ஆகவே இருந்த நீரையே காக்கவேண்டியதாயிற்று. பணிப்பெண் ஒருத்தி திறந்த சாளரத்தின் அருகே நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றில் நெடுநேரம் ஊற்றி ஊற்றி ஆற்றுவாள். நம் வீடுகளில் காப்பி ஆற்றுவதைப்போல என்று சொல்லலாம். காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கரைவதற்கு இதுவே வழியாயிற்று. மறு ஆண்டு கடற்பாசிகளையும் அந்நீரில் சேர்த்தார். உயிர்கள் பல ஆண்டு வாழ்ந்தன, இனமும் பெருகின. ஆய்வுக்கூடமோ பட்டமோ அவருக்கு இல்லை. கடலிலிருந்து விலகி வாழ்ந்தவர் என்பதுதான் அவரை இந்த அறிவுக்கு இட்டுச் சென்றது என்று நான் கருதுகிறேன். கடற்கரையில் வாழ்ந்திருந்தால், பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரை முகந்திருப்பார், ஒன்றையும் கற்றிருக்கமாட்டார்.

அதே காலத்தில் இராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர், செடியும் மீனும் ஒரே கலத்தில் வாழ்ந்தால் ஒன்றுக்கொன்று துணையாகும் என்று சோதனையால் காட்டினார். பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியல் அறிஞர் 1854-இல் ‘அக்வேரியம்’ என்ற பெயரில் ஒரு நூல் எழுதினார். அச்சொல் உலகெங்கும் பரவியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இலண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன் மாளிகை ஒன்று திறக்கப்பட்டிருந்தது. நம்மைப் போன்ற உள்நாட்டாருக்குக் காஸ் செய்த பேருதவி ஒன்று உண்டு. சாதாரண உப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்னும் நான்கையும் அளவறிந்து நன்னீரில் கலந்து, கடல்நீரைச் செயற்கையாகச் செய்து காட்டினார் அவர். கலந்தவுடன் உயிர்களை இட்டாரில்லை. முதலில் கடற்பாசிகளை இட்டு, சில நாள் பொறுத்திருந்து, பின்னரே உயிர்களை விட்டார். ஏன் பொறுக்கவேண்டும் என்பதற்குரிய முழுக் காரணம் அக்காலத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள்ளன. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. ஆனால் கடைத்தெருவில் வாங்கும் சமையல் உப்பை அந்த அளவில் கரைத்துவிட்டால் அது கடலாகிவிடாது. கரிப்பான வெறும் நீர்தான். மக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் பிறவும் உரிய விகிதத்தில் இருந்தாலன்றிக் கடலுயிர் தரிக்காது. இன்று இக்கலவை ஆயத்தமாகவே விற்பனைக்கு வருகிறது. கரைக்கும் நீரிலும் கவனம் வேண்டும். சிறுவாணி நீர் மென்னீர். கொங்கு நாட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரோ பல இடங்களில் கடினமானது, தனக்கென ஓர் உப்புக் கணக்கை முன்னமே வைத்திருப்பது. குழாய் நீரில் கலந்துள்ள குளோரினையும் நீக்கியாக வேண்டும்.

இங்கிலாந்தில் எழுந்த இந்த மோகம் நெடுநாள் நிற்கவில்லை. வரவேற்பறைக்கு அழகு என்று எண்ணி வாங்கியவர்கள் நீர் கலங்கியதும் சலித்தனர். 1860-களிலேயே தொட்டிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. அதற்குள் கடற்கரைப் பாறைகளில் வாழ்ந்த உயிர்களைச் சேகரிப்போர் கூட்டங் கூட்டமாகச் சென்று சூறையாடிவிட்டனர். காஸின் மகன் எட்மண்ட் காஸ், 1907-இல் வெளியிட்ட தம் நூலில், தம் தந்தையின் புத்தகங்களே அப்பாறைகளின் அழிவுக்கு வழி திறந்தன என்பதை வருத்தத்தோடு குறித்துள்ளார். இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் பகுதி இது.

மோகம் தணிந்தபின் தொழிலறிவு வளர்ந்தது. வில்லியம் ஆல்ஃபர்டு லாயிட் என்பவர் 1864-இல் ஹாம்பர்க் நகரிலும், 1871-இல் இலண்டனை அடுத்த கிறிஸ்டல் பேலஸிலும் பெரிய கடல்நீர்க் காட்சியகங்களை அமைத்தார். கிறிஸ்டல் பேலஸ் கடற்கரையில் இல்லை. பிரைட்டனிலிருந்து புகைவண்டியில் கடல்நீர் வந்து சேர்ந்தது. காட்சித் தொட்டிகளில் உள்ள நீரைப்போலப் பன்மடங்கு நீரை நிலத்தடியில், இருளில் தேக்கி, இரவு பகல் ஓயாது சுழலவிட்டார் லாயிட். நீரை மாற்றவில்லை. ஆண்டு செல்லச் செல்ல அது கெடுவதற்கு மாறாகத் தெளிந்தது. உலோகம் உப்புநீரைப் பட்டால் நஞ்சாகும் என்று அறிந்து, குழாய்களுக்கும் பம்புகளுக்கும் கடினமாக்கிய ரப்பரைப் பயன்படுத்தினார்.

இச்செய்தி கோயம்புத்தூர் மாணவர்களுக்குச் சுவையூட்டும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், இந்நகரம் ஆலைகளாலும் மோட்டார்களாலும் பெயர் பெற்றது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடு, ஜி. டி. நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டு மின் மோட்டாரை உருவாக்கினார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்பு எங்கே செய்யப்படுகிறது என்று இந்தியாவில் எந்த உழவரைக் கேட்டாலும் கோயம்புத்தூர் என்பார். அப்படிப்பட்ட ஊரில், கடல்நீர்த் தொட்டிக்கு அந்தப் பம்பு உதவாது! அதன் வார்ப்பிரும்பு உப்புநீரில் துருவேறும். வெண்கலச் சுழலியிலிருந்து கசியும் செம்பு, மிகச் சிறு அளவிலேயே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். லாயிட் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. பிசினில் புதைத்த சிறு மோட்டாரும் பீங்கான் அச்சும் கொண்ட பம்புகளே இதற்கு ஏற்றவை. 2012-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டை வாட்டிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில், சுழற்சி நின்றால் பிராணவாயு குறைந்து சில மணி நேரத்தில் உயிர்கள் மடியும் என்பதை மீன் வளர்ப்போர் கண்கூடாகக் கண்டனர்.

சுழலும் நீர் ஏன் தெளிகிறது? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர், முன்னர்க் கூறிய வாரிங்டனின் மகனே என்பது வரலாற்றின் அழகிய தற்செயல். அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான். மண்ணில் இட்ட எரு எவ்வாறு பயிருக்கு உணவாகிறது என்று இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவர் ஆராய்ந்தார். பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிரினமே என்று 1877-இல் காட்டியிருந்தனர். அம்மாற்றம் இரண்டு படிகளில், இருவேறு நுண்ணுயிர்களால் நிகழ்கிறது என்று மகன் வாரிங்டன் தெளிவுபடுத்தினார். 1890-ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி என்ற ருசிய அறிஞர் அந்நுண்ணுயிர்களையே பிரித்தெடுத்தார். மீன் வெளிவிடும் கழிவு அம்மோனியா. அது கொடிய நஞ்சு. முதற் கூட்டத்துப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. அடுத்த கூட்டத்தார் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுவர். தந்தை தொட்டியில் கண்ட புதிருக்கு மகன் வயலில் விடை கண்டார். எருவின் அருமை அறிந்த கொங்கு உழவருக்கு இதைச் சொன்னால் எளிதில் விளங்கும்.

இப்பொழுது பரணிலிருந்து இறங்கிய தொட்டிக்கு வருவோம். அந்நுண்ணுயிர்கள் வாழ்ந்தது பாறையின் நுண்துளைகளிலும் மணற் பரப்பிலும் வடிகட்டியிலும். ஈரம் உலர்ந்தபோது அவை மாண்டன. ஆகவே பத்தாண்டு பழமையான தொட்டியும் நேற்று வாங்கிய தொட்டியும், நீரைப் பொறுத்தவரை, ஒரே வயதுடையவை. புதிதாக நீர் நிரப்பி, நுண்ணுயிர்க் கூட்டம் மீண்டும் நிலைபெற நான்கு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, அடியோடு மறைந்த பின்னரே முதல் மீனை விடுதல் தகும். பழகிய கை என்ற துணிவில் முதல் வாரமே மீன் விடுவோர் பலர். அவர்கள் மீன்கள் சில நாளில் மடிகின்றன.

பழமையால் வரும் தீமைகளும் உண்டு. முன்பு நோய்க்கு மருந்தாகச் செம்பு உப்பு இட்டிருந்தால், அதன் எச்சம் மணலிலும் ஒட்டுப்பசையிலும் ஊறியிருக்கக்கூடும். அத்தகைய தொட்டியில் பவளம் வளராது. பழைய இரும்புச் சட்டத் தொட்டியாயின் உப்பு அதனை அரித்துவிடும். முழுதும் கண்ணாடியும் சிலிக்கோன் பசையும் கொண்ட தொட்டியாயினும், ஆண்டு பல கழிந்த மூட்டை நம்பலாகாது. சமதளத்தில் வைத்து, நன்னீர் நிரப்பி, சில நாள் கசிவு பார்க்கவேண்டும். 100 லிட்டர் நீரின் எடை 100 கிலோ என்பதை அடியில் இடும் மேசை மறவாதிருக்க வேண்டும். கோடை வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு உப்புநீர் ஊற்றினால் தொட்டி நாளடைவில் உப்பளமாகும். நன்னீரே ஊற்றவேண்டும். கிணற்று நீர் பாய்ந்து பாய்ந்து உவர் பூத்த நிலத்தைப் பார்த்தவர்க்கு இதன் காரணம் சொல்லவேண்டுவதில்லை.

நம் நாட்டில் இக்கலை வேரூன்றிய கதையிலும் கோயம்புத்தூருக்கு ஓர் இழை உண்டு. கடலில்லாத இம்மாவட்டத்தைப் பற்றிய விரிவான கையேட்டைத் தொகுத்து 1887-இல் வெளியிட்ட பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியே, பின்னாளில் மதராஸ் மாகாணத்தின் மீன்வளத் துறையைத் தோற்றுவித்து நடத்தியவர். கூட்டுறவு இயக்கத்திற்கும் அவர் முன்னோடி. மதராஸ் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் உயிர்களை ஆராய்ந்தவர். மெரினாக் கடற்கரையில் மீன்காட்சியகம் ஒன்று வேண்டும் என்று முயன்றவர். அது 1909-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கடலுக்கு எதிரிலேயே மக்கள் கடலின் உள்ளழகைக் கண்டனர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி 1942-இல் அது மூடப்பட்டது. பின்னர் அது பழைய பொலிவை அடையவேயில்லை.

1961-இல் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளை அப்படியே தொட்டியிலிட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்திப் பவளங்களை வாழவைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். பாறையின் துளைகளில் உள்ள நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்தன. எளிய முறை, சிறந்த முறை. ஆயினும் உலகெங்கும் அம்முறை பரவியபோது பாறையும் பவளமும் கடலிலிருந்து பெயர்க்கப்பட்டன. காஸின் காலத்துத் தீவினை வெப்பக் கடல்களிலும் தொடர்ந்தது. நம் மன்னார் வளைகுடாவிலோ சுண்ணாம்புக்காகவே பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்களும் கடற்குதிரைகளும் கடலட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஆகவே இன்று பழந்தொட்டிக்குத் திரும்பும் கோயம்புத்தூர்க்காரர் இராமேசுவரத்துக் கரையில் ஒரு துண்டுப் பவளத்தைப் பெயர்த்து வருதல் குற்றம். அவருக்கு வேறு வழி இல்லாமலில்லை. 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்துள்ளது. அம்மீன்களின் பெற்றோரும் தொட்டியில் வளர்ந்தவையாக இருக்கலாம். அவை கடலை ஒருநாளும் கண்டதில்லை. செயற்கை உப்பு கரைத்த நீரில், சுட்ட மண்ணால் செய்த துளைக்கற்களில் நுண்ணுயிர் குடியேறிய பின், அவற்றை வாழவைக்க இயலும். ஆறு வாரம் காத்திருக்கவேண்டும், அவ்வளவே.